நாங்கள் எழுதாத விண்ணப்பம்

கசலா,
12 நவம்பர் 2009

மரியாதைக்குரிய பக்ரி அண்ணனுக்குத் தங்கை ரவ்தாவின் ஸலாம்.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஸுஹூர் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பள்ளிச் சீருடைகள் தைத்து முடித்தாயிற்று. இப்போதுதான் கடையில் உட்கார நேரம் கிடைத்திருக்கிறது. கஷ் நதி வற்றி, மணலில் பையன்கள் பந்தாடுகிறார்கள்.

போனில் பேசாதே, தேர்தல் வரப்போகிறது, நடுவில் மூன்றாவது ஆள் மூச்சு விடுவது கேட்கிறது என்று சொல்வீர்களே, அதனால்தான் இதை எழுதி பஸ் டிரைவர் தாஹிரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் 'தோத்தில்' நாடகக் குழுவின் தபால் பெட்டிக்கு பெய்ரூத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரபு நாடுகளில் அரசாங்கத்தைச் சாராத கலைஞர்களுக்கும் குழுக்களுக்கும் பணம் கொடுக்கும் ஒரு நிதியம் அனுப்பியது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, வாழ்த்துகள்' என்கிறார்கள். அந்தப் பணம் ஒரு வருடம் முழுக்கக் குழுவை நடத்தவும் கொட்டகை வாடகைக்கும் போதும்.

அண்ணா, நாங்கள் விண்ணப்பமே போடவில்லை.

கொட்டகையில் எல்லாரையும் கூட்டிக் கேட்டேன். குழுவில் நடிக்கும் இக்ராம் கையிலிருந்த குழந்தையின் தலையில் சத்தியம் செய்தாள். டயர் பட்டறை ஒனூரை உங்களுக்குத் தெரியுமே, எங்கள் கோமாளி, "பெய்ரூத்துல என் அழகைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பாங்க, ரவ்தா. நீ ஏன் குறுக்க நிக்கற?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாதுகாப்புத் துறை ஹஸபோவும் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். ஆறு வருடமாக அவர் வராத ஒத்திகை கிடையாது. எங்களைக் கவனித்து எழுதி அனுப்புவது அவர் வேலை, அவருக்குக் காப்பி கொடுப்பது எங்கள் வேலை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கொட்டகைச் சொந்தக்காரர் அதை வெங்காய வியாபாரிக்கு விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரம் பார்த்து, கேட்காத பணம் ஏன் வருகிறது? உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரவ்தா

*

போர்ட் சூடான்,
20 நவம்பர் 2009

அருமைத் தங்கை ரவ்தாவை அல்லாஹ் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

முழங்கால் அப்படியேதான். மீன் எண்ணெய் தடவச் சொல்கிறாள் உன் அண்ணி. தடவிக்கொண்டு ஆபீசுக்குப் போனால் பக்கத்து மேஜைக்காரன் ஜன்னலைத் திறக்கிறான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உனக்கு ஒரு துணி எடுத்திருக்கிறோம், தாஹிரிடம் வரும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில், அந்தப் பணத்தைத் தொடாதே. இருபத்திரண்டு வருடமாகச் சுங்க அலுவலகத்தில் சரக்கு விடுவிக்கிறேன். கேட்காமல் வந்த பெட்டியைச் சந்தோஷமாகத் திறந்தவன் யாரும் அடுத்த வாரம் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

யாரோ உன் பெயரில் எழுதியிருக்கிறார்கள். நல்ல எண்ணம் இருந்தால் உன்னிடம் சொல்லிவிட்டல்லவா எழுதியிருக்க வேண்டும்? வெளிநாட்டுப் பணம் வாங்கினாள் என்று உன்னைப் பிடித்துக்கொடுக்க ஒரு வலை விரித்திருக்கலாம். இல்லையென்றால் பணம் வந்தபின் அதில் பங்கு கேட்க ஒருவன் காத்திருக்கிறான். இரண்டில் எதுவானாலும் அவன் உன் பக்கத்தில் இருப்பவன்தான்.

விண்ணப்பத்தின் நகலை அனுப்பச் சொல்லி பெய்ரூத்துக்கு எழுது. வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. நானும் இங்கே தெரிந்தவர்களிடம் அந்த நிதியம் எப்படிப்பட்டது என்று பக்குவமாக விசாரிக்கிறேன். அதுவரை குழுவில் யாரிடமும் வாயைத் திறக்காதே. அந்தக் கோமாளியிடம் முக்கியமாக.

உன் அண்ணன்,
பக்ரி

*

கசலா,
9 டிசம்பர் 2009

அன்பு அண்ணனுக்கு,

பெருநாள் நல்லபடியாகக் கழிந்திருக்கும். துணி வந்தது, நிறம் அண்ணி எடுத்ததுதான், நீங்கள் எடுத்திருந்தால் சாம்பல் நிறமாக இருந்திருக்கும். ஒரு கூடை கிச்சிலிப்பழம் அனுப்பியிருக்கிறேன். தாஹிர் வழியில் தின்றது போக மீதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெய்ரூத்தில் நதா என்ற பெண் இந்த விஷயங்களைப் பார்க்கிறாள். நெட் கடைக்குப் போய் அவளுக்கு எழுதினேன். உடனே நகலை அனுப்பிவிட்டாள். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது.

படித்துப் பாருங்கள். நாங்கள் போட்ட எல்லா நாடகமும் அதில் இருக்கிறது. எந்த ஊர், எத்தனை கூட்டம், எங்கே கைதட்டினார்கள் என்பது வரை. கடைசியில் நானே போட்டது போல என் கையெழுத்து.

அதைவிட மோசம் நான்காம் பக்கம். அங்கே 'பாலம்' நாடகத்தைப் பற்றி இருக்கிறது. நதி திசை மாறிப்போன ஊரில், வறண்ட மணல்மேல் நிற்கும் பாலத்தைத் திறந்துவைக்க மந்திரி வருவார் என்று ஜனங்கள் காத்திருக்கும் கதை. அதற்கு அனுமதி மறுத்துவிட்டார்கள், மேடையேறவே இல்லை. ஒரே ஒரு முழு ஒத்திகை நடந்தது. ஒனூர்தான் கிழவன். தண்ணீரே இல்லாத பாலத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். எழுத்தில் இல்லாதது, அந்த நிமிடம் அவனாகச் செய்தது. இந்த விண்ணப்பத்தில் அந்தச் செருப்பும் இருக்கிறது!

அன்று இக்ராம் பிரசவத்துக்குப் போயிருந்தாள், குழுவின் மற்ற இருவருக்கும் காய்ச்சல். இருந்தது நானும் ஒனூரும்தான்.

இதை எழுதும்போதே எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. பதினைந்து வருட சிநேகிதம் அண்ணா. சீக்கிரம் பதில் போடுங்கள்.

ரவ்தா

*

போர்ட் சூடான்,
17 டிசம்பர் 2009

அன்புத் தங்கைக்கு,

பழம் இனிப்பாக இருந்தது. பிள்ளைகள் எனக்கு இரண்டுதான் மிச்சம் வைத்தார்கள். இங்கே எல்லாரும் சுகம்.

நீயே கண்டுபிடித்துவிட்டு என்னிடம் ஏன் கேட்கிறாய்? ஒனூர்தான். உன் கையெழுத்தை அவன் பார்க்காத நாளுண்டா? போன வருடம் கார்த்தூமுக்கு டயர் வாங்கப் போகிறேன் என்று போய் இரண்டு வாரம் கழித்து வந்தான் என்று நீதானே எழுதினாய். டயர் வாங்க இரண்டு வாரமா? சிரிக்கவைக்கிறவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதனால்தான் நான் முதலில் அவர்களைச் சந்தேகப்படுவேன்.

நேராகக் கேட்டுவிடு. முகத்தைப் பார். குற்றமுள்ளவன் முதலில் வேடிக்கை பேசுவான், பிறகு கோபப்படுவான். அப்படி நடந்தால் வேறு சாட்சி வேண்டாம், அவனை விலக்கு.

இங்கே என் விசாரணையும் நடக்கிறது. வங்கிக் காகிதம் பார்க்கிற ஒரு சிநேகிதனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பக்ரி

*

கசலா,
6 ஜனவரி 2010

அண்ணனுக்கு ஸலாம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு.

கேட்டுவிட்டேன்.

பட்டறையில் லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். விண்ணப்பத்தை நீட்டி, "இதை நீ எழுதினியா?" என்றேன். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தான்.

"நான் எழுதியிருந்தா கிழவனைப் பத்தி இன்னும் நாலு பக்கம் இருக்குமே" என்றான்.

"விளையாடாத. செருப்பு விஷயம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அன்னிக்கு அங்க நாம ரெண்டு பேர்தான் இருந்தோமா? நல்லா யோசிச்சுப் பாரு."

"பேச்ச மாத்தாத. என் கையெழுத்த நீ போட்டியா இல்லையா?"

"ரவ்தா, உன் கையெழுத்தா? நான் என் கையெழுத்தையே ஒழுங்கா போடமாட்டேன்."

"கார்த்தூம்ல ரெண்டு வாரம் என்ன பண்ணின?"

அதற்குத்தான் அவன் முகம் மாறியது. ஸ்பானரைக் கீழே வைத்தான். "என் தங்கச்சிக்குக் கட்டியை அறுத்தாங்க. ஊருக்குத் தெரிய வேண்டாம்னு அவ கேட்டுக்கிட்டா. போதுமா? இன்னும் ஏதாவது கேக்கணுமா? நீ கேக்கற மாதிரி ஹஸபோகூட என்கிட்ட கேட்டதில்ல."

பிறகு கோபப்பட்டான். நீங்கள் சொன்னபடியே முதலில் வேடிக்கை, பிறகு கோபம். நான் விலகச் சொல்லக்கூட இல்லை. கொட்டகைச் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் குற்றவாளி என்றால் எனக்கு ஏன் இவ்வளவு அவமானமாக இருக்கிறது? பதில் எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

ரவ்தா

*

கசலா,
2 பிப்ரவரி 2010

அண்ணனுக்கு,

நலமா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தாஹிரைக் கேட்டால், கடிதத்தைக் கையில் கொடுத்தேன் என்கிறான், என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான். போன் அடித்தால் எடுக்க ஆளில்லை.

ஒனூர் போனது ஊருக்குத் தெரிந்துவிட்டது. என்ன காரணம் என்று ஆளுக்கொரு கதை. இக்ராமின் கணவர், "போலீஸ் விவகாரம் போல இருக்கு, நீ போக வேண்டாம்" என்று அவளை நிறுத்திவிட்டார். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஜனவரியில் ஓர் ஒத்திகைகூட நடக்கவில்லை.

ஹஸபோ மட்டும் தவறாமல் வருகிறார். காலி மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நேற்று, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று அதட்டலாகக் கேட்டார். "எங்களுக்கே தெரியல" என்றேன். "நான் என்னத்த எழுதறது? பெஞ்ச் இருந்துச்சு, விளக்கு இருந்துச்சுன்னா?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பெய்ரூத்துப் பெண் வங்கிக் கணக்கு எண் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு என்மேல் என்ன கோபம்?

ரவ்தா

*

போர்ட் சூடான்,
14 பிப்ரவரி 2010

ரவ்தாவுக்கு ஸுஹூர் எழுதுவது. நீ சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நான் எழுதினேன் என்று உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பாதுகாப்புத் துறைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஆபீசிலிருந்தே கூட்டிப்போனார்கள். மூன்று நாள் கழித்துத்தான் விட்டார்கள். பெய்ரூத்துப் பணத்தைப் பற்றி ஒரு சிநேகிதரிடம் விசாரித்தாராம், அந்தச் சிநேகிதர் இன்னொருவரிடம் விசாரித்தாராம், அப்படியே சுற்றி எங்கே போய்ச் சேரக் கூடாதோ அங்கே சேர்ந்துவிட்டது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிற மனிதருக்கு அந்த ஆள்மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் நீ அனுப்பிய காகிதங்களைத் தூபக்கால் நெருப்பில் போட்டுவிட்டேன். அலமாரி, மெத்தை, அரிசி மூட்டை எல்லாவற்றையும் கலைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அடித்தார்களா என்று தெரியாது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வந்ததிலிருந்து சுவர்ப் பக்கம் பார்த்துப் படுக்கிறார். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால் மெல்ல மறந்துபோகிறார். நேற்று முதல்முறையாகப் பேசினார்: "ரவ்தாவுக்கு நான் தப்பா எழுதிட்டேன்." வேறொன்றும் இல்லை.

அவர் எழுதுவார். எதை எழுதினாலும் நம்புகிற மாதிரி பதில் போடு.

ஸுஹூர்

*

போர்ட் சூடான்,
1 மார்ச் 2010

தங்கை ரவ்தாவுக்கு அண்ணன் பக்ரியின் ஸலாம்.

எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். அதனால் எழுத முடியவில்லை. இப்போது தேவலை. கவலைப்பட ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய நகல் இப்போது என்னிடம் இல்லை, ஆனால் நான் ஒருமுறை படித்ததை மறப்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: 'மேற்படி நிகழ்ச்சி எவ்வித அசம்பாவிதமும் இன்றி நடந்தேறியது, கூடியிருந்தோர் அமைதியாகக் கலைந்து சென்றனர்.' நாடகக்காரர்கள் இப்படியா எழுதுவார்கள்? உங்கள் குழு கிர்பாவில் போட்ட நாடகத்தைப் பற்றி அடுத்த வரி: 'பொதுமக்கள் ஏறக்குறைய இருநூறு, பெண்கள் தனி வரிசையில்.'

இதே வாக்கியங்களை, இதே வரிசையில், வேறோர் இடத்தில் ஒருவர் உரக்கப் படிக்கக் கேட்டேன். எந்த இடம் என்று கேட்காதே. உங்கள் குழுவைப் பற்றிப் பல வருடமாகச் சேர்த்துவைத்த காகிதங்கள் அவை. கசலாவில் அவற்றை எழுதுகிற ஆள் ஒருவர்தான் என்று உனக்கே தெரியும்.

ஒனூர் அல்ல.

அந்த ஆளிடம் எதுவும் கேட்காதே. பணம் வேண்டாமென்று எழுதிவிட்டுத் தைத்துக்கொண்டிரு. ஏன் எழுதினார் என்று தெரியாதவரை அவரைப் போல ஆபத்து வேறில்லை.

பக்ரி

*

கசலா,
20 மார்ச் 2010

என் அருமை அண்ணனுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? உடம்பில் வலி ஏதும் மிச்சமில்லையே? நன்றாகச் சாப்பிடுங்கள். மலைப் பக்கத்துத் தேன் ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, மன்னியுங்கள். கடிதம் வந்த மறுநாளே கொட்டகைக்குப் போனேன். ஹஸபோ அதே பெஞ்சில் இருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, விண்ணப்பத்தை மடியில் வைத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்றுதான் பார்ப்பவர் போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"பிழை ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"ஹஸபோ, இது என்னன்னு கேக்கறேன்."

"டைப் அடிச்சவன் ஒரு மடையன். அதான் கேட்டேன்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "இந்த நிதியத்துகிட்ட யாரும் பணம் வாங்காம பாத்துக்கணும்னு கார்த்தூம்லேருந்து சுற்றறிக்கை வந்துச்சு. விலாசம், கடைசித் தேதி, என்னென்ன சேர்த்து அனுப்பணும், எல்லாம் அதுலயே போட்டிருந்தான். மத்தது என் பழைய ரிப்போர்ட்ல இருந்துச்சு. உன் கையெழுத்து, நீ குடுத்த அனுமதி மனுவுல ஏகப்பட்டது கிடக்கு."

"யார் சொல்லி எழுதினீங்க? எங்களப் பிடிச்சுக் குடுக்கவா?"

"பிடிச்சுக் குடுக்கணும்னா இவ்வளவு கஷ்டப்படணுமா? ரெண்டு வரி போதுமே." அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். "கொட்டகையை வெங்காயத்துக்குக் குடுக்கறான்னு கேள்விப்பட்டேன். நாடகம் இல்லேன்னா எனக்கு இங்க என்ன வேலை? நியாலாவுக்குத் தூக்கிப் போடுவாங்க. அங்க சண்டை நடக்குது, எனக்கு இது ரிட்டயர் ஆகற வயசு. உக்காந்து நாடகம் பாத்துக் காப்பி குடிக்கற உத்தியோகம் இந்த நாட்டுல இன்னொண்ணு காட்டு, தங்கச்சி."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும் உனக்கு?"

நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கிழவன் செருப்பைக் கையில் எடுக்கும் இடம். 'பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அவன் பாதிப் பாலம் வந்ததும் சிரிக்க முடியாது' என்று எழுதியிருக்கிறது. "இதுவும் ரிப்போர்ட்ல இருந்துச்சா?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அது தேவையில்லாத வரி. எடுத்திருக்கணும்" என்றார்.

அன்றைய ஒத்திகையில் இருந்தவர்களை எண்ணியபோது நான் இவரைச் சேர்க்கவே இல்லை, அண்ணா. ஆறு வருடம் காப்பி கொடுத்தவளுக்கு அவர் அங்கே இருந்தது ஞாபகமில்லை. ஒனூர் சொன்னான், யோசித்துப் பார் என்று. நான் யோசிக்கவில்லை, கேள்விதான் கேட்டேன்.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, என்னை மன்னித்துவிடு என்றேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தான், வெளியே வரவில்லை. அங்கிருந்தே பேசினான்.

"ஹஸபோ மேல எனக்குக் கோபம் இல்ல, ரவ்தா. சந்தேகப்படறதுக்கு அவருக்குச் சம்பளம் குடுக்கறாங்க. உனக்கு யாரு குடுத்தா?"

அதற்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

ரவ்தா

*

போர்ட் சூடான்,
4 ஏப்ரல் 2010

அன்புத் தங்கைக்கு,

தேன் கிடைத்தது. உடம்பு நன்றாக இருக்கிறது, நீ நினைப்பது போல ஒன்றுமில்லை.

ஹஸபோ சொன்னதை அப்படியே நம்பாதே. வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன் வேலை போகும்படியான காரியத்தைச் செய்வானா? அகப்பட்டால் அவனுக்கு நியாலா இல்லை, ஜெயில். ஒன்று, அவன் பொய் சொல்கிறான். அல்லது அவன் சொல்லாமல் விட்டது, சொன்னதைவிடப் பெரிது. இரண்டாவதாக இருந்தால் எனக்கு அதை எந்தப் பெட்டியில் வைப்பதென்று தெரியவில்லை.

பணத்தைப் பற்றி இனி நான் யோசனை சொல்வதாக இல்லை. நீ முடிவு செய்.

துறைமுகத்தில் நல்ல ஜாக்கி ஒன்று கிடைத்தது, லாரியைத் தூக்கும். எனக்கு லாரி கிடையாது. தாஹிரிடம் அனுப்புகிறேன். பட்டறை வைத்திருக்கிற யாருக்காவது பயன்படலாம். யார் அனுப்பியது என்று சொல்லத் தேவையில்லை.

டிசம்பரில் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

பக்ரி

*

கசலா,
8 ஜூன் 2010

அண்ணா, நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

இடையில் எழுதாததற்குக் காரணம், எது எப்படி முடியும் என்று எனக்கே தெரியாமல் இருந்ததுதான்.

பெய்ரூத்துக்கு எழுதிவிட்டேன். 'இதில் இருக்கும் வேலையெல்லாம் எங்களுடையது, கையெழுத்து என்னுடையது அல்ல' என்று மட்டும். யார் எழுதியது என்று சொல்லவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நதா போன் செய்தாள். "உங்க விண்ணப்பத்தைப் படிச்சுட்டு நாங்க அஞ்சு பேர் சண்டை போட்டோம். செருப்பு வர்ற இடத்துலதான் சண்டை முடிஞ்சது" என்றாள். குழுவில் எல்லாரும் புதிதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எடுத்துக்கொள்வதாக முடிவு செய்தார்களாம்.

எல்லாரும் என்றால் ஒனூரும்தான். இக்ராமைக் கூட்டிக்கொண்டு போனேன். காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். "பாலத்துல மட்டும் நடிக்கறேன். அந்தக் கிழவன் என்னோடவன், அவனை வெங்காயத்துக்கு விடமாட்டேன். அது முடிஞ்சதும் என்னைத் தேடாத" என்றான். வருகிறான், நடிக்கிறான், கைகழுவிவிட்டுப் போய்விடுகிறான். முன்பு நான் ஊற்றும் காப்பிக்கு அவன்தான் முதலில் கோப்பையை நீட்டுவான். இப்போது என் பக்கம் திரும்புவதில்லை. ஜாக்கியை மட்டும் பட்டறை வாசலில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறான்.

ஹஸபோவை நியாலாவுக்கே மாற்றிவிட்டார்கள். விண்ணப்பம் அகப்பட்டு அல்ல. இரண்டு மாதம் நாங்கள் ஒத்திகை நடத்தாததால் அவரிடமிருந்து அறிக்கை போகவில்லை. கசலாவில் கவனிக்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் சண்டை அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. பஸ் நிலையத்துக்குப் போனேன். மனைவி அழுதுகொண்டு நின்றாள். அவர் என்னைப் பார்த்ததும், தெரியாதவர் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டே, "மேடை நிகழ்ச்சிக்குத்தான் அனுமதி வேணும். ஒத்திகைக்கு வேண்டாம். சட்டத்துல அப்படி இல்ல. உறவுக்காரங்க வந்து ஒத்திகையப் பாத்தா யாரும் கேக்க முடியாது" என்றார். பிறகு பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதனால் கஷ்ஷில் வெள்ளம் வருமுன் இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி ஒத்திகை வைத்திருக்கிறோம். கசலாவில் யாருக்கு யார் உறவில்லை? நீங்களும் உறவுக்காரர்தான். வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். வராவிட்டால் எனக்குப் புரியும், எல்லாமே புரியும்.

ரவ்தா

*

போர்ட் சூடான்,
5 ஜூலை 2010

அன்புத் தங்கை ரவ்தாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பத்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் முழங்கால் மடக்க வரவில்லை, உன் அண்ணி மறுபடி மீன் எண்ணெயை எடுத்துவிட்டாள்.

கொட்டகையில் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. கூட்டம் அப்படி. கசலாவில் நமக்கு இத்தனை உறவினர் இருக்கிறார்கள் என்று நம் பெற்றோருக்கே தெரிந்திருக்காது. ஆகவே இப்போது எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பின்னால் பேனா காகிதத்தில் உராயும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். சின்ன வயது ஆள், இஸ்திரி போட்ட சட்டை. புது ஆள் போலிருக்கிறது. ஹஸபோவின் பெஞ்சு எது என்றுகூட அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மேடையைப் பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். வாசல் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்துவைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒனூர் மேடைக்கு வந்தான். பாலத்தின் முனையில் நின்று குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பின்னால் பேனா வேகமாக ஓடியது.

எழுந்தேன். வாசலுக்குப் போகவில்லை. ஒரு வரிசை பின்னால் போய் அந்த ஆளுக்கு நேர் முன்னால் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பெருநாளுக்கு வாங்கிய பெரிய தலைப்பாகையைத்தான் கட்டியிருந்தேன். அதைக் கொஞ்சம் தளர்த்தி, இன்னும் அகலமாகச் சுற்றிக்கொண்டேன்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு மேடை தெரியல" என்றான்.

"எனக்குக் காது கேக்காதுப்பா" என்றேன்.

இடது பக்கம் சாய்ந்தான், நானும் சாய்ந்தேன். வலது பக்கம் சாய்ந்தான், நானும். ஒனூர் பாதிப் பாலம் வந்திருந்தான். கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை, பின்னால் பேனாவும் ஓடவில்லை. அந்த ஆளுக்கு என் தலைப்பாகையைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

அடுத்த ஒத்திகை எப்போது என்று எழுது. போனிலேயே சொன்னாலும் சரி.

பக்ரி